சிறு ஜெனரேட்டரில் தீப்பொறிக் கோளாறும் அதைக் கண்டறியும் முறையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் நம் பகுதியில் மின்சாரம் என்பது வெறும் வெளிச்சம் அன்று. அது கூலி ஆகும். பெரிய தொழிற்சாலைகளில் மின்சாரம் நின்றால் டீசல் ஜெனரேட்டர் உடனே முழங்கத் தொடங்கிவிடும். ஆனால் அத்தொழிற்சாலைகளுக்குக் காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்களின் நிலை வேறு. எங்கள் தெருவில் என் தாய்மாமன் நான்கு தையல் இயந்திரங்களுடன் அத்தகைய கூடம் ஒன்றை நடத்தி வருகிறார். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. ஊசி நின்றால் கூலியும் நிற்கும்.

2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவிய நாட்களில்தான் எங்கள் தெருவுக்குக் கையால் தூக்கி வைக்கத்தக்க சிறு ஜெனரேட்டர்கள் வந்தன. அக்கொடிய மின்வெட்டு நீங்கிவிட்டது. ஆயினும் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும், மழைக் காற்றில் கம்பி அறுந்த நாளிலும் அவையே கைகொடுக்கின்றன. மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் வேலை செய்வதாலேயே அவை வேண்டிய நேரத்தில் கிளம்ப மறுக்கின்றன. அவ்வாறு மறுக்கும்போது பெரும்பாலும் நாம் கேட்கும் தீர்ப்பு, "காயில் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதாகும். அத்தீர்ப்பு சரிதானா என்று சோதிக்க, நாம் வகுப்பில் படித்த மின்காந்தத் தூண்டலே போதும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர் ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி தோன்ற வேண்டும். கையால் கயிற்றை இழுத்துக் கிளப்பும் சிறு ஜெனரேட்டரில் இதற்கெனப் பேட்டரி கிடையாது. பின் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

1831இல் மைக்கேல் பாரடே கண்ட விதியே விடை தருகிறது. எஞ்சினின் சுழற்சக்கரத்தில், அதாவது ஃபிளைவீலில், ஒரு நிலைக்காந்தம் பதிக்கப்பட்டுள்ளது. அதன் ஓரத்தில் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தின் மீது இரண்டு சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். முதன்மைச் சுருளில் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளே இருக்கும். துணைச் சுருளில் மயிரிழை போன்ற கம்பி பல்லாயிரம் சுற்றுகள் இருக்கும். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் காயில் என்கிறோம்.

காந்தம் காயிலைக் கடக்கும்போது உள்ளகத்தின் காந்தப் பாய்வு மாறி, முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அது உச்சத்தில் இருக்கும் தருணத்தில் சட்டென்று துண்டிக்கப்படுகிறது. காந்தப் பாய்வு நொடியில் சரிந்து விழ, முதன்மைச் சுருளில் சில நூறு வோல்ட்டும், துணைச் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலும் எழுகின்றன. அந்த மின்னழுத்தமே பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. பழைய எஞ்சின்களில் துண்டிக்கும் வேலையைப் பாயிண்ட் எனப்படும் இரு உலோக முனைகள் செய்தன. இன்றைய எஞ்சின்களில் காயிலுக்குள்ளேயே அடைக்கப்பட்ட டிரான்சிஸ்டர் செய்கிறது.

இக்கருவிக்கு மேக்னட்டோ என்று பெயர். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் 1887இல் நிலையான எஞ்சினுக்கென ஒரு மேக்னட்டோவைச் செய்தார். அவருடைய பட்டறையில் பணியாற்றிய கோட்லோப் ஹோனால்ட் 1902இல் உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அதே நிறுவனத்தின் தொடர்புடன் நம் நாட்டில் 1951இல் தொடங்கப்பட்டது மைக்கோ. 2008இல் அதன் பெயர் பாஷ் என மாறிவிட்டது. எனினும் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் பலர் "மைக்கோ பிளக்" என்றே கேட்கிறார்கள். நமக்கு அருகிலுள்ள ஓசூரில் 1980களில் உருவான இந்தியா நிப்பான் எலெக்ட்ரிகல்ஸ் நிறுவனம் இத்தகைய மேக்னட்டோக்களையும் மின்னணுப் பற்றவைப்புக் கருவிகளையும் செய்து வருகிறது. இந்த அறிவியல் நம் வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது.

கயிற்றை ஏன் வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. தூண்டப்படும் மின்னழுத்தம் காந்தப் பாய்வு மாறும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக இழுத்தால் காந்தம் மெதுவாகக் கடக்கும், பொறி பிறக்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயை அறிந்து அதன் காரணத்தையும் அறிந்த பின்பே மருத்துவம் செய்யச் சொல்கிறார். எஞ்சினுக்கும் அதுவே நெறி. எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான கலவை, போதிய அழுத்தம், உரிய நேரத்தில் பொறி. கிளம்பாத எஞ்சினில் இம்மூன்றில் எது குறைகிறது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

தொட்டியில் பெட்ரோல் உள்ளதா? குழாய் திறந்துள்ளதா? எஞ்சின் எண்ணெய் உரிய அளவில் உள்ளதா? சுவிட்ச் ஓடும் நிலையில் உள்ளதா? இவை சிறு பிள்ளைக் கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே சிக்கனம்.

பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட விடாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெயே தங்கிவிடும். பெட்ரோல் உறைநிலைக்கு வெகு கீழேயும் எரியத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் எத்தனை முறை இழுத்தாலும் அது பற்றாது. பொறி நன்றாகவே இருக்கும். பழி மட்டும் பொறியின் மீது விழும்.

பிளக் சொல்லும் செய்தி

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்திருந்தால் எரிதல் செம்மையாக நடந்துள்ளது. விளக்குக் கரி போல உலர்ந்த கறுப்பாக இருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி; காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம் அல்லது சோக் மூடியே இருந்திருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் எஞ்சின் எண்ணெய் மேலேறி எரிகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போதுதான் நம் சந்தேகம் நியாயமாகப் பொறியின் பக்கம் திரும்புகிறது.

கரி படிந்த பிளக்கில் ஏன் பொறி வராது? கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கானின் மீது கரி படிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே கசிந்து போகும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரம்பாதது போல, மின்னழுத்தம் பொறிக்கு வேண்டிய உயரத்தை எட்டவே முடியாது. பிளக்கைத் தூரிகையால் துடைத்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் அளவில் வைத்துப் பொருத்தினாலே பல எஞ்சின்கள் கிளம்பிவிடும்.

வெளியே தெரியும் பொறி போதுமா?

பிளக்கை அதன் தொப்பியில் செருகி, உலோகப் பகுதியை எஞ்சின் உடலில் ஒட்ட வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது எல்லாரும் அறிந்த சோதனை. பிளக்கைப் பிடிக்கக் காப்பிட்ட குறடு வேண்டும். பிளக் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. வெளிவரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக்கையே மாட்டாமல் கம்பியை அந்தரத்தில் விட்டு இழுப்பதும் தவறு. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உள்காப்பையே துளைத்துவிடக்கூடும்.

பொறி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பொறி அமைப்பு நலமாக உள்ளது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வாயுவில் பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது என்பதை ஜெர்மானிய அறிஞர் பாஷன் 1889இல் காட்டினார். திறந்த காற்றில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டச் சுமார் 3000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அடர்ந்த கலவையில் அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே நலிந்த காயில் வெளியே பொறி காட்டிவிட்டு உள்ளே தோற்றுப் போகும்.

இதற்கு மாற்று எளிது. வெளியே சோதிக்கும்போது இடைவெளியை அகலமாக்க வேண்டும். சிறு எஞ்சின்களுக்கென விற்கும் பொறிச் சோதனைக் கருவிகளில் இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரத்தை நீல நிறத்தில் சுளீரென்று தாண்டினால் காயில் வலிமையாக உள்ளது என நம்பலாம். மஞ்சளாக மெலிந்து விட்டுவிட்டு வந்தால் நம்ப இயலாது.

மல்டிமீட்டரால் சுருள்களின் தடையை அளப்பதும் உண்டு. முதன்மைச் சுருள் ஏறத்தாழ 1 ஓமும், துணைச் சுருள் சில ஆயிரம் ஓமும் காட்டும். துணைச் சுருளில் முள் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. ஆனால் டிரான்சிஸ்டர் சேர்ந்த காயிலில் முதன்மைச் சுருளை இவ்வாறு அளந்து முடிவுக்கு வர இயலாது. மேலும் மல்டிமீட்டர் தருவது சில வோல்ட் மட்டுமே. பத்தாயிரம் வோல்ட்டில் உடையும் காப்பை அது காட்டிக்கொடுக்காது. எனவே மீட்டர் குற்றவாளியைக் காட்டலாம். நிரபராதி என்று சான்று தர இயலாது.

வீட்டுச் சுவிட்சுக்கு நேர்மாறான சுவிட்ச்

இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இப்பகுதியே. வீட்டு விளக்கின் சுவிட்சை அணைத்தால் சுற்று திறக்கிறது, மின்னோட்டம் நிற்கிறது. மேக்னட்டோவில் நடப்பது இதற்கு நேர்மாறு. எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், முதன்மைச் சுருளின் முனையை எஞ்சின் உடலோடு இணைத்துவிடுகிறது. மின்னோட்டம் துண்டிக்கப்படாமல் உடல் வழியே சுற்றிக்கொண்டே இருப்பதால் காந்தப் பாய்வு சட்டென்று சரிவதில்லை, பொறியும் பிறப்பதில்லை. எண்ணெய் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் எண்ணெய் அளவு சுவிட்சும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. நிறுத்தும் கம்பி அறுந்தால் எஞ்சின் நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும். மாறாக, அக்கம்பியின் தோல் உரிந்து உடலைத் தொட்டால், காயில் முழு நலத்துடன் இருந்தும் பொறி வராது. ஆகையால் பொறி வராத எஞ்சினில் காயிலைக் குறை சொல்லும் முன், காயிலிலிருந்து வரும் அந்த ஒற்றை மெல்லிய கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பொறி திரும்பினால் காயில் குற்றமற்றது. இவ்வாறு ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் சுவிட்சுக்குக் கட்டுப்படாது என்பதை மறக்கலாகாது. சோக்கை மூடியோ பெட்ரோல் குழாயை அடைத்தோ நிறுத்த வேண்டும்.

ஒரு நேர் அனுபவம்

சென்ற ஐப்பசியில் மாமாவின் ஜெனரேட்டருக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும். கால் மணி நேரம் ஓடும். பின்பு பட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பும். அன்று மின்சாரம் மாலை வரை வராது. தைத்த உருப்படிகளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். நான்கு பெண்களும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நூல் வெட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். "காயில் சூட்டில் விட்டுப் போகிறது தம்பி, புதிதுதான் வாங்க வேண்டும்" என்றார் மெக்கானிக் அண்ணன். புதுக் காயிலின் விலை அப்பெண்களின் இரண்டு நாள் கூலிக்கும் மேல்.

அவர் சொன்னது பொருத்தமற்ற காரணம் அன்று. சூட்டில் காயிலின் உள்காப்பு விரிசல் விடுவது உண்மையாகவே நிகழும். ஆனால் அதே அடையாளத்தைக் காட்டும் வேறு இரு காரணங்களும் உண்டு. பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் எஞ்சின் நிற்கும். நிறுத்தும் கம்பி சூட்டில் இளகி உடலைத் தொட்டாலும் நிற்கும். மூவரில் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். "அண்ணா, அது நிற்கும் அந்த நொடியிலேயே சோதிப்போமா?" என்று கேட்டேன். அவரும் மனம் கோணாமல் ஒப்புக்கொண்டார்.

எஞ்சின் நின்றவுடன் தொட்டி மூடியைத் தளர்த்தினோம். பயனில்லை. கார்புரேட்டரின் வடிகால் திருகைத் திறந்தால் பெட்ரோல் நன்றாக வந்தது. பிளக்கைச் சோதித்தோம், பொறி இல்லை. எனவே எரிபொருள் விடுதலை பெற்றது. அடுத்து நிறுத்தும் கம்பியின் இணைப்பைக் கழற்றி இழுத்தோம். நீலப் பொறி பளிச்சென்று தாண்டியது. காயிலும் விடுதலை பெற்றது. அக்கம்பி இரண்டு கிளைகளாகப் பிரிகிறது: ஒன்று சுவிட்சுக்கு, மற்றொன்று எண்ணெய் அளவு சுவிட்சுக்கு. ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்தோம். முதல் கிளையில் பொறி இருந்தது. இரண்டாம் கிளையை இணைத்ததும் மறைந்தது. எண்ணெய் நிறைய இருந்தது. அக்கம்பியைத் தொடர்ந்து சென்றபோது, குளிர்விக்கும் மூடியின் விளிம்பில் அது அழுந்தி, கடுகளவு தோல் தேய்ந்திருந்தது. குளிர்ந்த நிலையில் விறைத்து விலகி நின்ற கம்பி, சூட்டில் இளகி உடலைத் தொட்டிருக்கிறது.

ஒரு சாண் காப்புக் குழாயும் சிறிது இன்சுலேஷன் டேப்பும் அதற்கு மருந்தாயின. அன்று மாலை வரை இயந்திரங்கள் நிற்கவில்லை. நாங்கள் செய்தவை மொத்தம் ஐந்து சோதனைகள். ஒவ்வொன்றும் சந்தேகத்தின் எல்லையைச் சுருக்கியது. ஊகித்துப் பொருளை மாற்றுவதற்கும், பிரித்துப் பிரித்துக் காரணத்தை அடைவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே ஆகும்.

நம் பகுதிக்கு உரிய நோய்கள்

நம் சூழ்நிலை எஞ்சின்களுக்கு இதமானது அன்று. பச்சைத் தோலைக் கெடாமல் காக்க உப்பிடுகிறார்கள். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிளக் தொப்பியின் மீது படிந்தால் மின்சாரம் கசிய வழியாகும். மழைநாள் காலையில் கிளம்பாமல் வெயில் ஏறியதும் கிளம்பும் எஞ்சினில் இதை முதலில் சந்தேகிக்கலாம். மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு உப்புக்களிலிருந்து எழும் வாயு செம்பைக் கறுக்கச் செய்யும். இணைப்புகளில் செப்புச் சல்பைடு படிந்து தொடர்பு கெடும். தோலைத் தேய்த்து மெருகிடும்போது பறக்கும் மென்தூள் காற்று வடிகட்டியை அடைத்துப் பிளக்கில் கரி படியச் செய்யும். நல்ல இடமாகப் பார்த்து வைப்பதும், உலர்ந்த துணியால் மூடி வைப்பதும், பயன்படுத்தாத மாதத்திலும் ஒருமுறை ஓட்டி வைப்பதும் இவற்றுக்குத் தடுப்பு முறைகள்.

துரு மற்றொரு பகை. காந்தத்துக்கும் காயில் உள்ளகத்துக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் அளவே. துரு படிந்தால் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, தடித்த அட்டை ஒன்றை நடுவில் வைத்துக் காயிலைத் திருகிப் பின் அட்டையை உருவிவிடுவது பட்டறை வழக்கம். ஃபீலர் கேஜ் இருந்தால் இன்னும் நன்று. பழைய பாயிண்ட் எஞ்சின்களில் முனைகள் கருகியிருந்தாலும், கண்டென்சர் கெட்டிருந்தாலும் பொறி நலியும். முனைகள் விலகும்போது அவற்றினிடையே மின்வில் எழாமல் தடுத்து, மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்த உதவுவதே கண்டென்சரின் பணி.

பொறி வலிமையாக இருந்தும் கயிறு கையைப் பின்னுக்கு இழுத்து உதறினால், பொறியின் நேரம் தவறியுள்ளது எனலாம். ஃபிளைவீலை அச்சில் நிலைநிறுத்தும் சிறு சாவி நசுங்கினால் காந்தம் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடும். இதன் நுட்பத்தை ஒரு கணக்கால் உணரலாம். 50 ஹெர்ட்சு மின்சாரத்துக்காக எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. உச்சிக்கு 25 பாகை முன்னர் பொறி வர வேண்டுமானால், கிடைக்கும் நேரம் 1.4 மில்லி நொடியே. கடுகளவு உலோகம் நசுங்கினாலும் அக்கணக்கு பிசகிவிடும்.

எச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இணைந்து உயிரைப் பறிக்கும். மழை என்று ஜெனரேட்டரைக் கூடத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது கூடவே கூடாது. திறந்த வெளியில், சன்னலுக்கு எட்ட வைக்க வேண்டும். அதன் மின்சாரத்தை மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் செருகினால், தெருக்கம்பியில் வேலை செய்யும் மின்பணியாளரின் உயிருக்கு அது ஆபத்தாகும்.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் காலடி வைத்த முதல் ஆள் நான். "இயற்பியல் படித்து என்ன செய்வாய்?" என்று ஊரில் கேட்பவர்கள் பலர். பாரடேயின் விதி தேர்வுத் தாளில் ஐந்து மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் உரியதன்று. நான்கு பேரின் ஒரு நாள் கூலியைக் காக்கவும் அது உதவும் என்பதே நான் தரக்கூடிய விடை. பட்டறையில் இருப்பவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. நமக்குக் காரணம் தெரியும். இரண்டும் ஓரிடத்தில் கூடினால் வீண்செலவு குறையும். நம் கல்லூரி ஆய்வகத்தில் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வைத்து, அதில் கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்கிக் கண்டுபிடிக்கும் பயிற்சியை நடத்தினால், என் போன்ற மாணவ மாணவியர் பலர் பயனடைவர். பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் பணிவான விண்ணப்பம்.